ஓதம் பார்த்துப் போகும் வழி

அனவ்ரத்தா சாலையில் சைக்கிள் கூடாது.
மகாபந்துலாவிலும் கூடாது.
கூடாதென்று எழுதிய பலகை
வெற்றிலைக் கடைக் குடைக்கு மேலே
பாதி மறைந்து நிற்கிறது.
அதைப் படிக்க நின்றபோதுதான்
என் முதல் சைக்கிள் போலீஸ் லாரியில் ஏறியது.
அபராதம் கட்டி மீட்டதில்
மணி மட்டும் என்னுடையது.
மற்றதெல்லாம் யாருடையதோ.

அன்றிலிருந்து எண் போட்ட தெருக்களில் பிழைக்கிறேன்.
ரங்கூன் நடுவில் அவை
தெற்கு வடக்காகவே ஓடுகின்றன.
சோற்றுப் பொட்டலமோ கிழக்கே போக வேண்டும்.
முப்பத்தெட்டில் ஏறி, முப்பத்தொன்பதில் இறங்கி,
நாற்பதில் ஏறி
ஊருக்குத் தையல் போட்டுக்கொண்டே போகிறேன்.
பெரிய சாலை வந்தால் இறங்கி ஐம்பது தப்படி தள்ளல்.
தள்ளினால் நடப்பவன்
மிதித்தால் குற்றவாளி.

தெருவுக்குள் வந்துவிட்டால் சுகம்.
மணி அடித்தால் நாலாம் மாடியிலிருந்து கயிறு இறங்கும்,
நுனியில் துணிக் கவ்வி, கவ்வியில் பணம்.
பணத்தை எடுத்துக்கொண்டு மொஹிங்காவைக் கவ்வ விடுவேன்.
ஆடி ஆடி ஏறும்.
முகம் பார்த்ததில்லை எவரையும்.
சில கைகளுக்கு வளையல் உண்டு.

போன் சொல்லும் வழியை நம்பாதே என்றாள் கின் ஞோ,
போனுக்கு முழங்கால் கிடையாது.
ஷ்வேடகோன் பக்கத்து மேட்டை அது
தட்டையாகத்தான் காட்டுகிறது.
வீட்டில் நான் வடமலை,
கம்பெனிச் சட்டையில் கோ வின்.
பெயரில் இருக்கிற மலை காலில் இல்லை.

அப்புறம் மழை.
மழையைக்கூடச் சமாளிக்கலாம்.
பௌர்ணமியன்று ஆற்றில் ஓதம் ஏறும் நேரத்தில்
மழையும் சேர்ந்தால்
சாக்கடை பின்னோக்கி ஓடி வரும்.
முப்பத்திரண்டாம் தெருவில் இடுப்பளவு.
அதே நேரம் நாற்பத்தாறில் செருப்பு நனையாது.
ஏனென்று கேட்டால் யாரும் சொல்லவில்லை.
படகுத்துறைச் சுவரில் ஒட்டிய ஓத அட்டவணையை
தினம் காலையில் படம் பிடிக்கிறேன்,
மற்றவர்கள் ராசிபலன் பார்ப்பதுபோல.

அப்படி ஒரு பௌர்ணமியில்
தக்கேட்டாவுக்கு இரண்டு பொட்டலம், இரண்டு வீடு.
ரயில் பாதை ஓரமாகப் போகிறேன் என்றாள் அவள்.
ஓடைக்கரை நேர்வழி என்றேன் நான்.
சைக்கிளைத் தோளில் சுமந்து பாலத்தடியை அடைந்தபோது
கின் ஞோ டீ குடித்து முடித்திருந்தாள்,
கால்சட்டை மடிப்புக் கலையாமல்.
எப்படி வந்தாய்?
சொன்னால் நீயும் வருவாய், என்றாள்.

தை மாதம் தாய்லாந்துக்குப் போய்விட்டாள்.
மீன் டப்பாத் தொழிற்சாலை.
சைக்கிளை விற்றது எனக்குத் தெரியாது.
வைகாசியில், முதல் மழையன்று,
குரல் செய்தி ஒன்று வந்தது.
வணக்கம் இல்லை, நலமும் இல்லை.

"மடத்தின் சின்னக் கதவு. மணி அடிக்காதே, பிக்குகள் தூங்குவார்கள்.
அரசமரத்துக்கு இடப்பக்கம்.
கறுப்பு நாய் குரைக்கும், விடு. நொண்டி நாய்தான் கடிக்கும்.
தண்டவாளத்தைத் தாண்டிக் கீரைப்பாத்தி,
வரப்பில் போ, பாத்தியில் இறங்காதே, அந்த அம்மா கல்லெறிவாள்.
சுவர் வரும். சுவரில்"

அவ்வளவுதான். பின்னால் ஏதோ யந்திரம் ஓடியது,
யாரோ அவளைக் கூப்பிட்டார்கள்.

முதல் நாள் சுவரின் இடப்பக்கம் போனேன். ஓடை.
மறுநாள் வலப்பக்கம். மறுபடி சுவர்.
மூன்றாம் நாள் பொட்டலத்தோடு நின்று
செங்கல்லைச் செங்கல்லாகப் பார்த்தேன்.
கொடி மறைத்த இடத்தில் ஓர் உடைசல்,
கைப்பிடி நுழையும் அகலம், அதற்குமேல் ஒரு விரலில்லை.
இரண்டு ஓரத்திலும் நீலச் சாயம் உரசியிருந்தது.
அவள் சைக்கிளுக்கு அவளே அடித்த
அந்த மட்டமான நீலம்.

நுழைந்தேன். எதிரே பாலம்,
நனையாத தார்.

சோறு ஆறிவிட்டதென்று
தக்கேட்டாக்காரர் ஒரே ஒரு நட்சத்திரம் போட்டார்.
நொண்டி நாய் கடிக்கவில்லை.
தூங்கிக்கொண்டிருந்தது.